ஏழாம் குளத்தின் மூன்று பூஜ்ஜியங்கள்

1

ஐந்து வருஷத்துக்கு முன்னால் நம் ஊர் ஆண்டு மலரில் என் போட்டோ வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கையில் ஒரு பேனாவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவனுக்குப் பேனா எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ‘கல்கத்தாவின் எதிர்காலத்தைக் கணிக்கும் மானாமதுரைக்காரர்’ என்று தலைப்பு. அது நானே எழுதிக் கொடுத்த தலைப்பு. ஆசிரியர் வைத்தார் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

இந்த வருஷம் மலருக்குப் பத்தாவது ஆண்டு. அந்தக் கணக்கு இன்று எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று நாலு பக்கம் எழுதும்படி ஆசிரியர் கேட்டிருக்கிறார். ‘கடல் கடந்த நம்மவர்’ பகுதியில் போடுவாராம். நான் கடலைக் கடக்கவில்லை. ஹௌராவில் இறங்கி ஒரு ஆற்றைக் கடந்தேன், அவ்வளவுதான். ஆனால் ரேஷன் கார்டில் அப்பா பெயரை எனக்கும் என் பெயரை அப்பாவுக்கும் மாற்றி வைத்த ஊரில் பதின்மூன்று வருஷமாக இருக்கிறேன். என்னை வெளிநாட்டுக்காரன் என்று ஆசிரியர் நினைத்தால் அதில் பெரிய பிழையில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு வளரவில்லை. அது தப்பு. அந்தத் தப்பால் ஒரு குளத்தில் பாதி இன்று செங்கல் கழிவுக்கு அடியில் கிடக்கிறது. அந்தச் சிரித்த போட்டோவைப் பார்த்தவர்கள் இதையும் படிக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

2

தொண்ணூற்று மூன்றில் வந்தோம். மாற்றல் வந்தது என் மனைவி வசந்தாவுக்கு. மத்திய அரசு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. நான் சிவகங்கையில் ஒரு டுடோரியலில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அதை விட்டுவிட்டு, இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். டாலிகஞ்சில் வீடு. ஒரு வருஷம் சமைத்தேன், மகளைப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அண்ணிமார்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். அந்தப் பரிதாபத்திலிருந்து தப்பிக்க எந்த வேலைக்கும் நான் தயாராக இருந்தேன்.

பாலிகஞ்சில், ஒரு பழைய வீட்டின் மாடியில், சிறிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். கணக்கும் கம்ப்யூட்டரும் தெரிந்த ஆள் தேவை என்றார்கள். விண்ணப்பத்தில் மொழிகளுக்கு ஒரு கட்டம். பேசத் தெரியுமா, படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா. பெங்காலிக்கு நேரே மூன்றிலும் டிக் போட்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த பெங்காலி ‘கொத்தோ?’ மட்டும்தான். என்ன விலை என்று கேட்கலாம், பதில் புரியாது. ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டு பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பேச்சு வந்தது. மீன் மார்க்கெட்டும் ஆட்டோக்காரரும் கற்றுக் கொடுத்தார்கள். எழுத்து வரவில்லை. முதல் மாதமே யாரிடமாவது கேட்டிருந்தால் வந்திருக்கும். டிக் போட்டவன் யாரிடம் போய் ‘அ’ எழுதிக் காட்டச் சொல்வது? பெங்காலியில் சுற்றறிக்கை வந்தால், மற்றவர்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்களோ அவ்வளவு நேரம் நானும் பார்ப்பேன். தலையாட்டிவிட்டு அடுத்த மேஜைக்குக் கொடுத்துவிடுவேன். ஒரு தடவை அப்படி வந்த காகிதத்தைப் பார்த்துப் புன்னகையோடு ‘பாலோ, பாலோ’ என்றேன். நல்லது, நல்லது என்று அர்த்தம். அது எங்கள் அக்கவுண்டன்டின் அம்மா இறந்துபோனதற்கான காரியப் பத்திரிகை. அந்த மனிதர் நாலு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. காரணம் எனக்கு ஐந்தாவது நாள்தான் தெரிந்தது.

3

இனி அந்தக் கணக்கு. பயப்பட வேண்டாம், ஃபார்முலா எதுவும் எழுதப் போவதில்லை.

நீடித்த வளர்ச்சி என்று அப்போது எல்லா இடத்திலும் பேச ஆரம்பித்திருந்தார்கள். இன்றைக்கு நன்றாகச் சாப்பிட வேண்டும், ஆனால் பேரன் பேத்திகளின் இலையிலிருந்து எடுத்துச் சாப்பிடக் கூடாது. இவ்வளவுதான் அதன் பொருள். சொல்வது சுலபம், அளப்பது கஷ்டம். அளக்கும் பொறுப்பை எங்கள் நிலையம் ஏற்றுக்கொண்டது.

நகரத்தின் கிழக்கே, பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மீன் குளங்கள் இருக்கின்றன. நகரத்தின் சாக்கடை நீர் வாய்க்கால் வழியாக அங்கே போகும். வெயிலும் பாசியும் அதைச் சுத்தம் செய்யும். பாசியை மீன் தின்னும். மீன் மார்க்கெட்டுக்கு வரும். நகரம் அதைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி சாக்கடையை அனுப்பும். நான் நாலு பெட்டி போட்டேன். தண்ணீர், மீன், குளத்து ஜனங்கள், நகரம். ஒரு பெட்டியில் இந்த மாதம் நடப்பது மற்ற மூன்று பெட்டிகளையும் அடுத்த மாதம் மாற்றும். கம்ப்யூட்டரில் முப்பது வருஷம் ஓடவிட்டுப் பார்த்தால், எந்தக் குளம் தன் காலில் நிற்கும், எது விழும் என்று தெரியும். அதற்குப் பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒரு மதிப்பெண். ஏழு குளங்கள், ஏழு மதிப்பெண்.

குளங்களுக்கு மாதம் தவறாமல் சைக்கிளில் போய் விவரம் எடுத்து வந்தவர் பிஸ்வாஸ் பாபு. ஓய்வு பெறும் வயது. படிவக் கட்டை என் மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் டீ குடிக்கப் போய்விடுவார். படிவத்தில் பன்னிரண்டு பத்தி, எல்லாம் எண்கள். பதின்மூன்றாவது பத்தியில் ‘குறிப்பு’. அதில் அவர் எதையாவது பெங்காலியில் எழுதியிருப்பார். என் கம்ப்யூட்டரில் பன்னிரண்டு பத்திக்குத்தான் இடம் வைத்திருந்தேன். ஏன் பதின்மூன்றுக்கு இடம் வைக்கவில்லை என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஏழாம் எண் குளத்தில், குளிர்காலத்து மூன்று மாதங்களுக்கு, மீன் பத்தியில் பூஜ்ஜியம். மூன்று பூஜ்ஜியங்களுக்கு நேரேயும் குறிப்புப் பத்தியில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது. படிவத்தைக் கையில் எடுத்தேன். அடுத்த மேஜையில் டைப் அடிக்கும் கீதாதி, நம் பேச்சில் கீதா அக்கா, இருந்தார். ‘இது என்ன?’ என்று நீட்டியிருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் சொல்லியிருப்பார். நான் படிக்கத் தெரிந்தவன் பார்க்கும் நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

பங்குனி வாக்கில் அந்தக் குளத்தில் மறுபடி மீன் இருந்தது. இது எப்படி என்று எனக்கே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். குளம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் செத்துப்போகிறது, வெளியிலிருந்து மீன்குஞ்சு கொண்டுவந்து போட்டு ஒப்பேற்றுகிறார்கள். பூஜ்ஜியத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தானே. கம்ப்யூட்டரும் அதையே சொன்னது. ஏழில் கடைசி மதிப்பெண் ஏழாம் குளத்துக்கு. ‘தன் காலில் நிற்கும் சக்தி அற்றது’ என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். எங்கள் டைரக்டருக்கு அந்தப் பட்டியல் ரொம்பப் பிடித்துப்போனது. கடைசி ஆள் யார் என்று தெளிவாகத் தெரிந்தால்தான் பட்டியலுக்கு மரியாதை என்றார். டெல்லியில் ஒரு கூட்டத்தில் பேச அனுப்பினார். அதன் பிறகுதான் அந்தப் போட்டோ.

பவானிபூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து, கல்லாவுக்கு மேலே மாட்டினார். கறிவேப்பிலை வாங்கப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவரிடம், “ஸார்தான் அது, பாத்துக்கிடுங்க” என்பார். நானும் இல்லை என்று சொல்லாமல் நிற்பேன்.

4

வீட்டில் நடப்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

போன மாதம் மச்சானிடம் போனில் பேசும்போது, “சிகரெட் சாப்பிடறதை நிறுத்திட்டீங்களா?” என்று கேட்டுவிட்டேன். இங்கே டீ, தண்ணீர், சிகரெட், அடி, உதை எல்லாவற்றையும் ‘சாப்பிடுவார்கள்’. மச்சான், “மாப்ள, ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார்.

எனக்கே இந்தக் கதி என்றால் மகளைக் கேட்க வேண்டாம். நந்தினிக்கு இப்போது பதினைந்து வயது. தெருவில் அவள் நொந்தினி. பெங்காலியில் கனவு காண்கிறாள், தூக்கத்தில் உளறும்போது தெரியும். பெங்காலியில் பிள்ளைகள் அப்பாவை ‘துமி’ என்பார்கள், அதாவது நீ. அதையே தமிழிலும் கொண்டுவந்துவிட்டாள். லீவுக்கு ஊருக்குப் போனபோது, “அப்பா, நீ சாப்பிட்டியா?” என்று கேட்டாள். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். “புள்ளைய இப்படியாடா வளத்து வச்சிருக்க?” என்றாள்.

தமிழ் எழுத்து கற்றுக் கொடுக்க ஒவ்வொரு கோடை லீவிலும் முயன்றேன். ‘ஞ’ வரை வந்து நின்றுவிடும். “கிந்து அப்பா, இங்கே எதைப் படிக்க இது?” என்று கேட்பாள். கிந்து என்றால் ஆனால். நான் கோபப்பட்டு, ஒரு ஊரில் இருந்துகொண்டு எழுத்துத் தெரியாமல் இருப்பதைப் போலக் கேவலம் உண்டா என்று ஒருநாள் கத்தியிருக்கிறேன். சொல்லி முடித்ததும் என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. வசந்தா மட்டும் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். அவளுக்கு என் டிக் விஷயம் தெரியும்.

5

திட்டம் முடிந்து, பிஸ்வாஸ் பாபுவும் ஓய்வு பெற்றுப் போய், படிவங்களைப் பழைய பேப்பரில் போட்டார்கள். ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கிற காகிதத்தைப் போட மனசு வருமா? நம் வீட்டுப் பழக்கம். ஒரு கட்டைத் தூக்கிவந்து பரணில் வைத்தேன். நந்தினி பத்தாம் வகுப்புக் கணக்கை அதன் முதுகில்தான் போட்டுப் பார்ப்பாள்.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முக்கோணம் வரைந்துகொண்டிருந்தாள். காகிதத்தைத் திருப்பியவள், “அப்பா, இது யாரு எழுதினது? கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு” என்றாள். பிறகு சத்தமாகப் படித்தாள். “‘புகுர் ஷுகோனோ ஹொச்சே, மாச் பாஷேர் புகுரே.’”

காதில் விழுந்தால் எனக்குப் புரியும். இருந்தாலும், என்ன என்று கேட்டேன்.

“குளத்தைக் காய வைக்கிறாங்களாம். மீனெல்லாம் பக்கத்துச் சின்னக் குளத்துல இருக்காம். அடுத்த மாசம் என்ன எழுதியிருக்கார் பாரு, அதாவது, சேறு அள்ளியாச்சு, சுண்ணாம்பு போட்டாச்சு. அதுக்கடுத்த மாசம்...” அவள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். “‘இந்த மாதிரிப் பராமரிப்பை மற்ற ஆறு இடத்திலும் பார்க்கவில்லை. நல்ல குளம்.’ ஏழாம் நம்பர்னு போட்டிருக்கு. அப்பா, தோசை கருகுது.”

அடுப்பை அணைத்தேன். குளத்தைச் சாகவிட்டவர்கள் என்று நான் எழுதியவர்கள், வருஷா வருஷம் அதைக் காயவைத்து, சேறு அள்ளி, மண்ணில் வெயில் படவிட்டு, மறுபடி நீர் விட்டவர்கள். மீனைப் பக்கத்துக் குளத்தில் பத்திரமாக வைத்துவிட்டுச் செய்திருக்கிறார்கள். மற்ற ஆறு குளத்துக்காரர்கள் அவ்வளவு சிரமப்படவில்லை, அதனால் அங்கே பூஜ்ஜியம் விழவில்லை. ஒழுங்காக வேலை செய்தவர்களுக்கு நான் கடைசி இடம் கொடுத்திருக்கிறேன். பிஸ்வாஸ் பாபு அதை மூன்று மாதமும் எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“இதுக்கு நீ எவ்வளவு மார்க் குடுத்தே?” என்று நந்தினி கேட்டாள்.

“ஞாபகம் இல்லை” என்றேன். அதுவும் பொய். நாலு தசம இடம் வரை ஞாபகம் இருந்தது.

6

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. இதைப் படிக்கப் போகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்பதால் மறைக்க முடியாது.

என் அப்பா பொதுப்பணித் துறையில் மடை திறக்கும் வேலையில் இருந்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மடைச் சுவரில் அடி அடியாகக் கோடு போட்டிருக்கும். கண்மாயில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்து ரிஜிஸ்தரில் எழுதுவார். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் அந்த இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுவார். கண்மாய்க்குள் நாங்கள் கிரிக்கெட் ஆடுவோம். டிராக்டர் வந்து வண்டல் அள்ளும். கண்மாய் செத்துப்போய்விட்டது என்று ஒரு ஆள் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படி யாராவது சொல்லியிருந்தால், வெயில் தலைக்கேறிவிட்டது என்று மோர் வாங்கிக் கொடுத்திருப்போம்.

அந்த ரிஜிஸ்தரைப் பத்து வயதில் எனக்கே எழுதத் தெரியும். காய்ந்த குளத்தை ஊர் ஊராகப் பார்த்து வளர்ந்தவன், பெங்காலில் ஒரு குளம் காய்ந்தால் மட்டும் சாவு என்று எழுதினேன். கணக்கு தெரியாமல் செய்யவில்லை. எழுத்து தெரியாததைக்கூட ஒரு காரணமாகச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததையே நான் யோசித்துப் பார்க்கவில்லை. அப்பா இருந்திருந்தால் இதை அவரிடம் எப்படிச் சொல்லியிருப்பேன் என்று பல தடவை நினைத்துப் பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

7

அன்று மதியமே வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பக்கத்துக் குளத்துக்கு ஒரு பெட்டி சேர்த்து, காய வைக்கும் மாதங்களை ஓய்வு என்று குறித்து, பழைய எண்களையே ஓடவிட்டேன். ஏழாம் குளம் முதல் இடத்துக்கு வந்தது. இரண்டாவது இடத்துக்கும் அதற்கும் நல்ல இடைவெளி. எனக்குச் சந்தோஷம் பொங்கியது. கணக்கு அழகாக உட்கார்ந்துவிட்டதே என்ற சந்தோஷம். அந்தக் குளத்துக்காரர்களின் நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. இதையும் வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

திங்கட்கிழமை டைரக்டரிடம் போனேன். நல்ல மனிதர், உட்கார வைத்து டீ சொன்னார். “ஒண்ணைத் திருத்தினா மத்த ஆறும் சரியான்னு கேப்பாங்க. திட்டமே முடிஞ்சு போச்சு” என்றார். பிறகு ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். “பிஸ்வாஸ் பாபு தெளிவா எழுதித்தானே இருக்கார், அப்போ நீங்க படிக்கலையா?”

“கையெழுத்து சரியில்லை” என்றேன். நந்தினி அழகு என்று சொன்ன கையெழுத்தை.

அறிக்கையை வாங்கிய இலாகாவுக்கே நேராகப் போனேன். கடிதம் வாங்கும் பிரிவில் ஒரு குமாஸ்தா என் திருத்தக் கடிதத்தை முன்னும் பின்னும் பார்த்தார். ஃபைல் எண் கேட்டார். சொன்னேன். அந்த ஃபைல் மூடியாகிவிட்டது, மூடிய ஃபைலில் காகிதம் சேர்க்க முடியாது என்றார். புது ஃபைல் திறக்க என்ன வழி?

“புகார் வந்தா திறக்கலாம். யார் மேல புகார்?”

“என் மேலதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “தாதா, புகார் குடுக்கிறவரும் புகாருக்கு ஆளானவரும் ஒரே ஆளா இருந்தா, பதில் கடிதத்தை யாருக்கு அனுப்புறது?” என்று உண்மையான கவலையோடு கேட்டார். தாதா என்றால் அண்ணன். பாதிக்கப்பட்டவர்கள் யாராவது என் கடிதத்தை இணைத்து மனுக் கொடுத்தால் வழி இருக்கிறது என்றார். ஏழாம் குளத்தைப் பற்றி விசாரணை ஒன்று பங்குனியில் வரப்போகிறது என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. ரோட்டை ஒட்டிய பாதியை இரண்டு வருஷம் முன்பே வேறு உபயோகத்துக்கு விட்டாயிற்றாம். மீதிப் பாதியை விடலாமா என்பதுதான் விசாரணை. காரணமாக ஃபைலில் இருப்பது ஒரே ஒரு பக்கம். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

8

தை மாதம் ஒரு சனிக்கிழமை நந்தினியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மார்க்கெட் பெங்காலியை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட விஷயத்தைப் பேச முடியாது. நான் தமிழில் சொல்ல, அவள் பெங்காலியில் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் அவளிடம் சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். டிக் போட்டது, காரியப் பத்திரிகை, பூஜ்ஜியம், மார்க். “எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ஆபீஸ்ல இன்னி வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “எல்லாருக்கும் தெரியும்ப்பா” என்றாள்.

“யாரு சொன்னது?”

“சரஸ்வதி பூஜைக்கு உங்க ஆபீஸுக்கு வந்தேன்ல, அப்போ கீதா மாஷி சொன்னாங்க. அந்தப் பத்திரிகை விஷயத்துலயே தெரிஞ்சு போச்சாம். உனக்குக் கஷ்டமா இருக்கும்னு யாரும் கேக்கலையாம். எனக்கும் சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு.”

பதினோரு வருஷம். நான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டியதை எல்லோரும் பார்த்துக்கொண்டு, எனக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அன்று அந்தப் படிவத்தை நீட்டியிருந்தால் கீதாதி ஆச்சரியப்பட்டிருக்கக்கூட மாட்டார். படித்துச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பார். எதைக் காப்பாற்ற ஒரு குளத்தைக் கொடுத்தேனோ, அது என்னிடம் இருக்கவே இல்லை. இறங்கும் இடம் வந்தது என்று நந்தினிதான் கையைத் தொட்டாள்.

பலகை போட்ட மூன்று சக்கர வேன் ரிக்‌ஷாவில் உட்கார்ந்து போனோம். குளம் காய்ந்து கிடந்தது. வெடித்த சேற்றில் பத்துப் பதினைந்து பேர், ஆணும் பெண்ணுமாகக் கூடையில் சேறு அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துச் சின்னக் குளத்தில் மீன்கள் நெருக்கியடித்துத் துள்ளின. ரோட்டுப் பக்கம் பாதி வரை செங்கல் கழிவு மேடு. நான் எழுதிய குளத்தை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

மீனவர் சங்கத்தின் செயலாளர் நிமாய் மண்டல் என்பவர் கரையேறி வந்தார். என் வயதுதான் இருக்கும். லுங்கி, ஸ்வெட்டர், காதை மூடிய குரங்குக் குல்லா. நந்தினி அவரை ‘காகு’ என்று கூப்பிட்டு, சித்தப்பா முறை வைத்து, நாங்கள் யார் என்று சொன்னாள். அவர் குடிசைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே என் அறிக்கையின் ஒரு பக்கம், ஜெராக்ஸ். கீழே என் பெயரில் சிவப்பு மையால் கோடு.

“எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிட்டு மூணு தடவை படிக்கச் சொன்னோம். ஒருவேளை அவருக்குத்தான் புரியலையோன்னு” என்றார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். நந்தினி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். குறிப்பைப் படிக்கவில்லை என்பதைச் சொன்னேன். படிக்கத் தெரியாது என்பதையும் சொன்னேன். சேறு அள்ளியவர்கள் கூடையை வைத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். கடைசியாக, பையிலிருந்து புதுக் கணக்கை எடுத்து நீட்டி, உங்கள் குளம்தான் ஏழில் முதல், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், விசாரணையில் கொடுங்கள் என்றேன். அதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நிமாய் மண்டல் காகிதத்தை வாங்கவில்லை. என்னைப் பார்த்து நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். “இந்தத் தடவையும் உங்க மெஷின் எங்களைக் கடைசின்னு சொல்லியிருந்தா, நீங்க வந்திருப்பீங்களா?”

ரொம்ப எளிமையான பெங்காலி. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ஆனாலும் நான் புரியாதவனைப் போல நந்தினியின் பக்கம் திரும்பினேன். எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. அவள் மொழிபெயர்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அவளும் மற்றவர்களோடு சேர்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

படிவத்தில் இருந்தது அப்படியே இருந்து, கணக்கு மட்டும் வேறு மாதிரி வந்திருந்தால்? குறிப்பைப் படிக்காததற்கு மன்னிப்புக் கேட்கவாவது இந்தப் பக்கம் வந்திருப்பேனா? யோசிக்கத் தேவையே இல்லாத கேள்வி.

“நா” என்றேன் என் பெங்காலியில். “ஆஷ்தாம் நா.” இல்லை, வந்திருக்க மாட்டேன்.

யாரும் திட்டவில்லை. நிமாய் மண்டல் தலையை மட்டும் ஆட்டினார். “சரி. அதையும் சேர்த்து எழுதிக் குடுங்க” என்றார். “பெங்காலியில எழுதுங்க. இந்தத் தடவை நாங்க படிக்கணும்.”

கரையில் கவிழ்த்திருந்த கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து, நந்தினி தன் நோட்டில் எழுதினாள். நான் சொல்லச் சொல்ல ஒன்றரைப் பக்கம் வந்தது. கிழித்து என்னிடம் கொடுத்தாள். கடைசியில் பேனாவையும் கொடுத்தாள். பழக்க தோஷம், கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டத் தொடங்கிவிட்டேன். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினேன். காகிதத்தை அவளிடமே நீட்டி, பெங்காலியிலேயே கேட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, படித்துக் காட்டு என்று.

அவள் படித்தாள். கணக்கு இவர்களுக்கு எதிராக வந்திருந்தால் நான் வந்திருக்க மாட்டேன் என்பதுதான் கடைசி வரி. நான் சொன்னது சொன்னபடி இருந்தது. அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.